வந்துபோன இயந்திரங்கள்

கோமளா வலைப்பூ எழுதத் தொடங்கியது கோபத்தில்தான். பதவி உயர்வுக்கு அடிபோடுகிறாள் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். வேறு கல்லூரிக்குத் தாவ வழி பார்க்கிறாள் என்றார்கள் இன்னும் சிலர். பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று ஆசிரியர் ஓய்வறையில் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தவர்களும் உண்டு. எதுவும் உண்மையில்லை. ஒரு மனிதரைக் கல்லூரி வாசலில் அரை நாள் வெயிலில் உட்கார வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து வந்த ஆத்திரத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. எழுத உட்கார்ந்தாள்.

கோயமுத்தூருக்கு வெளியே, தென்னந்தோப்புகளை வளைத்துக் கட்டிய தனியார் பொறியியல் கல்லூரி அது. அங்கே மெக்கட்ரானிக்ஸ் துறை ஆரம்பித்த நாளிலிருந்து கோமளாதான் துறைத்தலைவர். அப்பா கணபதியில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தவர். தெருவிலிருந்த பட்டறைகளில் லேத் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் அவள். இயந்திரத்தையும் மின்னணுவையும் கணினியையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கிற படிப்பு என்றால், அது இந்த ஊருக்காகவே யாரோ யோசித்து வைத்த படிப்பு என்று நம்பினாள். தன் துறையில் சேர்கிற பிள்ளைகளிடம் முதல் நாளே அதைச் சொல்லவும் சொல்வாள்.

அந்த வருடம் செப்டம்பர் மாதம், மதியம் வங்கிக்குப் போக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான் அவரைப் பார்த்தாள். வெளுத்த வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, மடியில் ஒரு துணிப்பை. சுற்றுச்சுவர் ஓரம் புங்க மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். நிழல் நகர்ந்துபோய் அவர் தோளெல்லாம் வெயில். காவலாளியிடம் விசாரித்தாள். பெற்றோர் கூட்டம் நடக்கிற நாளைத் தவிர வேறு நாளில் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று உத்தரவாம். பணம் கட்ட வந்தால் மட்டும் விடலாமாம். இவர் பணம் கட்ட வரவில்லை, என்னவோ கேட்க வந்திருக்கிறார், காலையிலிருந்து நகர மாட்டேன் என்கிறார் என்றான் காவலாளி.

கோமளா வண்டியை நிறுத்திவிட்டு அவரிடம் போனாள். துறைத்தலைவர் என்று தெரிந்ததும் பதறி எழுந்தார். பெயர் ஐயாசாமி. கோபிசெட்டிபாளையம். வாழைத்தார் ஏற்றுகிற டெம்போ ஓட்டுகிறார். அவருடைய மகள் இனியா இரண்டு மாதம் முன்னால்தான் முதலாம் ஆண்டில் சேர்ந்திருந்தாள். அவர் குடும்பத்திலும் சரி, மனைவி பாவாத்தாளின் குடும்பத்திலும் சரி, கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அந்தப் பெண்தான்.

"ஏனுங்க மேடம், எம்பட புள்ள படிக்கறது என்ன படிப்புங்க? கேக்கறவங்களுக்குச் சொல்லத் தெரீலீங்க. பேரே வாயில நொழைய மாட்டேங்குது. புள்ளயக் கேட்டா, உனக்குச் சொன்னா வெளங்காதுங்கறா. உங்களக் கேட்டுப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார்.

இதற்காகவா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தீர்கள் என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அந்த மரத்தடியிலேயே நின்று சொன்னாள். கிணற்றில் தண்ணீர் கீழே போனால் மோட்டார் தானாக நிற்கிறதல்லவா, தண்ணீர் இல்லை என்று அதற்கு யார் சொல்வது, சொன்னதும் எது நிறுத்துவது, அந்த இரண்டையும் செய்வதற்குத்தான் உங்கள் மகள் படிக்கிறாள் என்று ஆரம்பித்து, தொழிற்சாலையில் தானாக ஓடுகிற இயந்திரம்வரை வந்தாள். முடிந்ததும் அவர், இப்படிச் சொன்னால் புரிகிறது, இனி யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன் என்று கும்பிட்டுவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

கோமளா வங்கிக்குப் போகவில்லை. நேராக நிர்வாக அலுவலகத்துக்குப் போய், எந்தச் சட்டத்தில் ஒரு தகப்பனை வாசலில் உட்கார வைத்தீர்கள் என்று கேட்டாள். அங்கிருந்த அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எல்லா விவரமும் கல்லூரி இணையதளத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். அவள் பார்த்தாள். முழுக்க முழுக்க ஆங்கிலம். மெக்கட்ரானிக்ஸ் பக்கத்தில் மஞ்சள் முடிக்காரப் பிள்ளைகள் நாலு பேர் மடிக்கணினியைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்த கண்ணாடிக் கட்டடம் எந்த நாட்டில் இருக்கிறதோ, நிச்சயம் இந்தத் தோப்புக்குள் இல்லை. பெற்றோரிடம் கூசாமல் பணம் வாங்கத் தெரிகிறது, அவர்கள் மொழியில் நாலு வரி எழுதத் தெரியவில்லையா என்று அவளுக்குப் பொங்கியது.

அந்தச் சனிக்கிழமை மதியம், தன் பெயரிலேயே ஒரு வலைப்பூவைத் திறந்து முதல் பதிவை எழுதினாள். தமிழில். இந்த வாரம் முதலாம் ஆண்டு மாணவர்கள் என்ன படித்தார்கள், அது எதற்கு உதவும். ஐயாசாமிக்குச் சொன்ன கிணற்று மோட்டாரையே உதாரணமாக வைத்தாள். இணைப்பை எல்லா மாணவர்களுக்கும் அனுப்பி, வீட்டில் படித்துக் காட்டுங்கள் என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதினாள். நடந்ததை எழுதுவது, நடக்க வேண்டியது நடக்காவிட்டால் அதையும் எழுதுவது என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டாள். கணிதம் எடுத்தவர் பாதியில் வேலையை விட்டுப் போனபோது, இந்த வாரம் கணித வகுப்பு இல்லை, அடுத்த வாரமும் சந்தேகம்தான் என்று எழுதினாள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் செய்த ஒரு கருவி பரிசோதனையில் புகைந்து போனதை, ஏன் புகைந்தது என்ற விளக்கத்தோடு எழுதினாள். வெள்ளகோவிலில் ஒரு அம்மா பதிவைத் தன் மாமியாருக்கும் வாசித்துக் காட்டுவதாகக் குரல் செய்தி அனுப்பினார். பவானியில் மருந்துக்கடை வைத்திருந்த அப்துல் மஜீத், தன் மகன் வீட்டில் வாயே திறப்பதில்லை, இதைப் படித்துவிட்டு நான் கேள்வி கேட்கிறேன், இப்போதுதான் பேசுகிறான் என்று எழுதியிருந்தார்.

முதல்வருக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் உறுத்தல் இருந்தது. ஆனால் அடுத்த வருடச் சேர்க்கையின்போது, இந்த மேடம் எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் வந்தோம் என்று சில குடும்பங்கள் அவரிடமே சொன்ன பிறகு முகம் மலர்ந்துவிட்டது. கல்லூரிச் சின்னத்தை மேலே போட்டுக்கொள்ளலாமே என்றார். கோமளா வேண்டாம் என்றாள். அது அவளுடைய சொந்த எழுத்து, தப்பு வந்தால் தன் தலையோடு போகட்டும் என்றாள். அப்படி மறுத்தது பின்னால் அவளுக்கு நல்லதாகவே முடிந்தது.

இனியா மூன்றாம் ஆண்டு படிக்கையில், மார்ச் மாதத்தில், அங்கீகாரக் குழு வரப்போகிறது என்று தகவல் வந்தது. துறைகளை நேரில் பார்த்து மதிப்பிட்டுப் போகிற குழு. மெக்கட்ரானிக்ஸ் துறையில் ரோபாட்டிக்ஸ் ஆய்வகம் என்று பெயர்ப்பலகை மாட்டிய ஒரு கூடம் இருந்தது. வழவழவென்று தரை, வெள்ளைச் சுவர், குளிர்சாதனம் எல்லாம் உண்டு. இயந்திரம்தான் இல்லை. கோமளா ஒவ்வொரு வருடமும் கேட்பாள். அடுத்த வருடம் என்பார்கள். பிள்ளைகள் அங்கே பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

குழு வருவதற்கு முதல் நாள் ஒரு கிரேன் லாரி வந்து நின்றது. இரண்டு ரோபோ கைகள், கணினிக் கட்டளைப்படி உலோகத்தைக் கடைகிற ஒரு சிறிய சி.என்.சி. இயந்திரம், இன்னும் என்னென்னவோ பெட்டிகள். தாளாளரின் சொந்தக்காரர் ஒருவர் இயந்திர விற்பனை செய்கிறார், அங்கிருந்து வந்தவை என்றார் முதல்வர். வாங்கியதா என்று கோமளா கேட்டதற்கு, படிப்படியாக எல்லாம் நடக்கும் என்று பதில் வந்தது. மறுநாள் அவளை வரவேற்புரைக்கும் ஆவணங்கள் காட்டவும் மேல்மாடியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூடத்தைக் காட்டும் பொறுப்பை அவளுக்குக் கீழே வேலை பார்த்த உதவிப் பேராசிரியர் மனோஜ்குமாரிடம் கொடுத்திருந்தார்கள். குழு போனது. சாயங்காலம் அதே லாரி வந்தது. இயந்திரங்களையெல்லாம் வந்தபடியே மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு போனது.

அடுத்த நாள் காலை இனியா கோமளாவின் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மேடம், நேத்து என்னையத்தான் அந்த ரோபோ பக்கத்துல கோட்டு மாட்டி நிக்க வெச்சாங்க. ரெண்டாம் வருசத்துல இருந்து இதுல புராஜெக்ட் பண்ணறேன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்லிப்போட்டனுங்க. அது அசைஞ்சு நான் ஒரு நாளும் பாத்ததில்லீங்க. அதுக்குக் கரண்ட்டே குடுக்கலீங்க. ஒரு சார் எனக்குக் கைகுடுத்து, நல்லாப் பேசறீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கோமளாவுக்கு ஆறுதல் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். அந்தப் பெண் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே நின்றாள், யாரோ கொடுத்த கை இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல. இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறாள் என்பதற்காக அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த இங்கிலீஷை அவள் எப்படிக் கற்றாள் என்று கோமளாவுக்குத் தெரியும். விடுதியில் தனியாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பேசிக் கற்றது. அதை எதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள் பார் என்று நினைத்தபோது அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது.

முதல்வர் அறைக்குள் அவள் அனுமதி கேட்காமல் நுழைந்தது அன்றுதான். அவர் பொறுமையாகத்தான் பேசினார். எல்லாக் கல்லூரியிலும் நடப்பது, குழுவில் வந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும், இதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தீர்களே என்றதற்கு, அது பொய் இல்லை, ஒரு பயிற்சி, நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது உதவும் என்றார். அதன் பிறகு ஞாபகம் வந்தவர்போல இன்னொன்றும் சொன்னார்.

"மேடம், இந்த வாரம் புது லேபைப் பத்தி எழுதிடுங்க. போட்டோ நாலு உங்க மெயிலுக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன். நாங்க வெப்சைட்ல போட்டா யாரும் கண்டுக்கறதில்லீங்க. நீங்க எழுதுனாத்தான் நம்பறாங்க."

கோமளா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். கிண்டல் செய்கிறாரா என்று தேடினாள். இல்லை. அந்த மனிதர் மனதாரச் சொன்னார். இரண்டரை வருடம் ஒவ்வொரு வாரமும் கூட்டிச் சேர்த்த நம்பிக்கையை, ஓடாத இயந்திரத்துக்கு உறைபோடக் கேட்கிறார். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சனிக்கிழமை மதியம் எழுதினாள். கோபமான சொற்களையெல்லாம் முதலில் எழுதி, பிறகு ஒவ்வொன்றாக எடுத்தாள். மாணவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. இனியாவின் நிழல்கூட அதில் விழக்கூடாது என்று கவனமாக இருந்தாள். மிச்சம் நின்றது சில வரிகள்தான்: ரோபாட்டிக்ஸ் கூடத்துக்குப் புதன்கிழமை இயந்திரங்கள் வந்தன. வியாழக்கிழமை குழு பார்த்தது. அன்று மாலையே இயந்திரங்கள் திரும்பிப் போயின. கூடம் இப்போது முன்புபோலவே காலியாக இருக்கிறது. நம் மாணவர்கள் இதுவரை ரோபோவில் பயிற்சி பெறவில்லை. பயிற்சி தொடங்கும்போது எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை தாளாளர் கூப்பிட்டனுப்பினார். காளிச்சாமி, நூற்பாலை நடத்திச் சம்பாதித்த பணத்தில் கல்லூரி கட்டியவர். யாரையும் அதட்டிப் பேசியதாகக் கேள்விப்பட்டதில்லை. அவளுக்குக் காபி வரவழைத்தார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, ஊட்டுக்குள்ள நடக்கறதெ ரோட்டுல கொண்டுபோயி வெக்கலாமுங்களா?"

"இது ஊடு இல்லீங்க சார், காலேஜு. ரோட்டுல நிக்கறவங்க புள்ளைங்கதான் உள்ள படிக்குதுங்க."

அவர் சிரித்தார். அந்தப் பதிவை எடுத்துவிட்டால் நடந்ததை மறந்துவிடலாம் என்றார். அதில் எந்த வரி பொய் என்று காட்டுங்கள், இந்த நிமிஷமே எடுத்துவிடுகிறேன் என்றாள் கோமளா. பொய்யான வரி எதுவும் இல்லை, அதுதான் தொந்தரவு என்று அவரே ஒத்துக்கொண்டார். காபி அப்படியே ஆறியது. அவள் அறைக்குத் திரும்பி வருவதற்குள் உத்தரவு வந்திருந்தது. அன்றிலிருந்து மனோஜ்குமார் துறைத்தலைவர். கோமளாவுக்கு முதலாம் ஆண்டு பொறியியல் வரைபட வகுப்புகள். கல்லூரி வைஃபையில் அவளுடைய வலைப்பூ திறக்காதபடி தடுத்திருந்தார்கள்.

மனோஜ்குமார் மதியம் வந்து, வலைப்பூவின் கடவுச்சொல் வேண்டும் என்றான். இனி துறையின் வலைப்பூவை நீதான் எழுத வேண்டும், முதலில் ஒரு திருத்தம் போடு என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்களாம். அவனை வேலைக்கு எடுத்த நேர்காணலில் உட்கார்ந்திருந்தவள் அவள். கூடத்தைக் குழுவுக்குச் சுற்றிக்காட்டியவனும் அவன்தான்.

"எனக்கும் வேற வழியில்லீங்க மேடம்" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

"வழியில்லாம இருக்கலாம் மனோஜ். அதுக்கு எம்பட பேருல எழுதறதுக்கு நான் வழி குடுக்க முடியாது" என்றாள். வலைப்பூ அவள் பெயரில் அவளே திறந்தது. கல்லூரிக்கு அதில் ஒரு பிடியும் இல்லை. கடைசியில் திருத்தத்தைக் கல்லூரி இணையதளத்திலேயே வெளியிட்டார்கள். வழக்கம்போல ஆங்கிலத்தில். அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

பெற்றோர் உடனே ஒன்றும் செய்யவில்லை. சிலர் தொலைபேசியில் கோமளாவைக் கூப்பிட்டு, எழுதியது நிஜம்தானா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். ஏப்ரல் முழுக்கச் சத்தமில்லை. அவ்வளவுதானா என்று அவளுக்கே ஒரு கசப்பு வந்தது. பாடம் நடத்திவிட்டு யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போவாள். சனிக்கிழமை மட்டும் விடாமல் எழுதினாள். துறைச் செய்தி கிடைக்காவிட்டால், மாணவர்கள் வந்து கேட்ட சந்தேகங்களுக்கு விளக்கம் எழுதினாள். கடைசி வரியாக, கூடம் இன்னும் காலி என்று சேர்ப்பாள்.

மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்து, சேர்க்கை சூடுபிடித்த நாளில் அவர்கள் வந்தார்கள். ஐயாசாமி தன் டெம்போவைக் கழுவித் துடைத்து, கோபிப் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வெள்ளகோவிலிலிருந்து தம்பிதுரை என்ற விவசாயி வந்திருந்தார். அவர் மகளும் இனியாவோடு படித்தாள். பவானி மருந்துக்கடைக்காரரும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். டெம்போவில் வந்தவரும் காரில் வந்தவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். காவலாளி தடுத்தான். தம்பிதுரை குரலை உயர்த்தாமல், லேபைப் பார்க்க வந்தோம், விடுகிறபோது விடுங்கள், அதுவரை ஓரமாக நிற்கிறோம் என்றார்.

நின்றார்கள். கோஷம் இல்லை, பலகை இல்லை. மதிப்பெண் பட்டியலோடு புதிதாகச் சேர்க்க வந்த குடும்பங்கள் ஒவ்வொன்றும் காரை நிறுத்தி, என்னங்க விஷயம் என்று கேட்டன. இவர்கள் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். ஒன்றுமில்லைங்க, ரோபோ லேப் இருக்கிறதாம், எங்கள் பிள்ளைகள் பார்த்ததில்லையாம், நாங்களாவது பார்த்துவிட்டுப் போகலாமென்று நிற்கிறோம், நீங்கள் உள்ளே போங்கள் என்றார்கள். சிலர் உள்ளே போனார்கள். சிலர் காரைத் திருப்பினார்கள். சில அப்பாக்கள் இறங்கி வந்து அந்த வரிசையிலேயே சேர்ந்து நின்றார்கள்.

மேல்மாடியில் வகுப்பறை ஜன்னல் வழியாகக் கோமளா பார்த்தாள். முதல்வர் மூச்சிரைக்க ஏறி வந்து, நீங்கள்தானே வரச் சொன்னீர்கள் என்றார். இல்லை என்றாள். அவர் நம்பவில்லை. அவர்களாக வருவார்கள் என்று அவரால் கற்பனை செய்யவே முடியவில்லை என்பதை நினைக்கையில்தான் அவளுக்கு ஆத்திரம் முழுமையாக வந்தது. நீங்கள் அவர்களிடமிருந்து பிள்ளைகளை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள், அவர்களுக்கும் தலை என்று ஒன்று இருப்பதை எப்போதாவது யோசித்தீர்களா என்று மாணவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

மதியத்துக்குள் தாளாளரே வாசலுக்கு வந்து அவர்களை உள்ளே கூட்டிப்போனார். கூடத்தைத் திறந்தார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அந்த வழவழப்பான தரையில் நின்று நாலு சுவரையும் பார்த்தார்கள். காளிச்சாமிதான் முதலில் நெளிந்தார்.

ஐயாசாமி கேட்டார்: "ரூமு நல்லா இருக்குதுங்க. மிசினு எப்ப வருமுங்க?"

ஆகஸ்டு என்றார் தாளாளர். அந்தத் தேதியைக் கோமளா மேடம் எழுதட்டும், நாங்கள் படித்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுத் தம்பிதுரை கும்பிட்டார். எல்லோரும் கும்பிட்டார்கள். டெம்போ கிளம்பிப் போனது.

ஆகஸ்டு தாண்டி செப்டம்பரில் வந்தது. ஒரு ரோபோ கை, ஒரு சி.என்.சி. இரண்டும் பழையவை, வேறெங்கோ ஓடி ஓய்ந்தவை. ஆனாலும் ஓடின. கோமளா அதை எழுதினாள். ரோபோ கையின் மணிக்கட்டுப் பகுதி திரும்பவில்லை, ஒரு பாகம் வர வேண்டியிருக்கிறது என்பதையும் எழுதினாள். அந்தத் தகவலை அவளிடம் வந்து சொன்னவன் மனோஜ்குமார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, எழுதிவிடுங்கள் மேடம், நான் கேட்டால் வாங்கித் தர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டான். அவனை அவள் முழுக்க மன்னிக்கவில்லை. ஆனால் சொன்னதை எழுதினாள். துறைத்தலைவர் பதவி அவளுக்குத் திரும்பி வரவில்லை. வரும் என்று அவளும் நினைக்கவில்லை. ஆனால் துறையை நடத்துவது யார் என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அவள் பெயரைத்தான் சொல்லும்.

ஜனவரியில் நகரத்தில் கல்விக் கண்காட்சி நடந்தது. கல்லூரி புதிதாக ஒரு கையேடு அச்சடித்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு இனியா வந்தாள், இப்போது இறுதியாண்டு. அட்டையில் முழுப்பக்கத்துக்கு அவள் படம். வெள்ளைக் கோட்டு, பக்கத்தில் அந்த வந்துபோன ரோபோ, முகத்தில் குழுவின் முன்னால் சிரித்த சிரிப்பு. கீழே, முதல் வருடத்திலிருந்தே ரோபோவில் நேரடிப் பயிற்சி என்று பெரிய எழுத்தில் இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

கோமளா கையேட்டை மேசையில் போட்டாள். நான் எழுதுகிறேன், இந்தச் சனிக்கிழமை வரைகூடக் காத்திருக்க மாட்டேன் என்றாள்.

"வேண்டாங்க மேடம். நானே எழுதறனுங்க. மொகம் என்ரது. பொய் சொன்ன வாயும் என்ரதுதானுங்க."

கோமளா தடுத்தாள். வேலைக்கு ஆள் எடுக்க நிறுவனங்கள் வந்து வளாக நேர்காணல்கள் நடத்துகிற நேரம், இன்னும் நாலைந்து மாதத்தில் பட்டம் வாங்கிப் போய்விடலாம், உன்னை இதில் இழுக்கக் கூடாது என்றுதான் நான் இவ்வளவு நாள் பொத்திப் பொத்தி எழுதினேன் என்று விளக்கினாள். அந்தப் பெண் அசையவில்லை. பொத்தி வைத்ததால்தான் இவர்களுக்கு இந்தப் படத்தைப் போடத் தைரியம் வந்தது என்றாள். கோமளாவுக்குச் சுருக்கென்றது. உண்மைதான் என்று பட்டது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஐயாசாமியைக் கைபேசியில் கூப்பிட்டு, மகள் செய்யப்போவதையும் அதனால் வரக்கூடியதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். எதிர்முனையில் டெம்போவை ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது.

"அவ எழுதட்டுமுங்க மேடம்" என்றார். "பொய்ய வெச்சுத்தான் வேலைன்னா, அதுக்கு இத்தன வருசம் எதுக்குங்க படிக்க வெச்சேன்?"

சனிக்கிழமை மதியம் கோமளாவின் கணினி முன் இனியா உட்கார்ந்து எழுதினாள். தமிழில் தட்டச்சு செய்து பழக்கமில்லாததால் மெதுவாகத்தான் வந்தது. கையேட்டின் அட்டையில் இருப்பது நான். அந்த ரோபோ அன்று ஓடவில்லை. அதில் பயிற்சி பெற்றதாக என்னைச் சொல்லச் சொன்னார்கள், நான் சொன்னேன். இப்போது எங்களுக்கு உண்மையாகவே ஒரு ரோபோ இருக்கிறது, பழையது, ஆறு மூட்டுகளில் ஐந்து வேலை செய்கிறது, அதை எனக்கு ஓட்டத் தெரியும். அந்தப் படத்தை எடுத்துவிட்டு இந்தப் படத்தைப் போடுங்கள். கீழே தன் முழுப்பெயரையும் ஊரையும் போட்டாள். கிரீஸ் படிந்த கையோடு, பழைய ரோபோவின் அருகே தோழி எடுத்த படத்தையும் சேர்த்தாள். கோமளா இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தியதோடு சரி.

கண்காட்சியின் இரண்டாம் நாள் அந்தக் கையேடு மேசையிலிருந்து காணாமல் போனது. அடுத்து நடந்த நேர்காணலுக்குப் போனவர்களில் இனியா இல்லை. மதிப்பெண்ணில் முதலில் நிற்கிற பெண்ணை எதற்காக விட்டுவிட்டீர்கள் என்று கோமளா கேட்டதற்கு, விடுபட்டுவிட்டது என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, இந்த வார நேர்காணலில் இனியா விடுபட்டுவிட்டாள் என்று அலுவலகம் சொல்கிறது என்று எழுதினாள். எதுவும் கூட்டவில்லை. ஞாயிறு முழுக்க முதல்வரின் கைபேசி அடித்துக்கொண்டே இருந்ததாம். கோபியிலிருந்து, வெள்ளகோவிலிலிருந்து, பவானியிலிருந்து, விடுபட்ட புள்ள பேரைச் சேர்த்தாச்சுங்களா என்று மரியாதையாக ஒரே கேள்வி.

திங்கட்கிழமை காலை அடுத்த நேர்காணலுக்கான பட்டியலில் இனியாவின் பெயரைச் சேர்த்தார்கள்.